எல்லைப்புற வாசகரும் பயனுள்ள இணைய எழுத்தும்

(உரையின் எழுத்து வடிவம்)

வளர்ச்சித் திட்டங்கள் வெற்றி பெறுவதற்குப் பணமும் பொறியியல் திறனும் மட்டும் போதா. திட்டத்தைப் பற்றிய செய்தி உரியவருக்கு உரிய காலத்தில், அவருக்குப் புரியும் மொழியில் சென்று சேர வேண்டும். முன்னாளில் இப்பணியைச் சுவரொட்டி, துண்டுப் பிரசுரம், வானொலி, கிராம சேவகரின் சைக்கிள் ஆகியவை செய்தன. இன்று அதன் பெரும்பகுதி இணையத்திற்கு மாறிவிட்டது. சான்றிதழ் விண்ணப்பம், மழை எச்சரிக்கை, ஏலக்காய் விலை, கல்வி உதவித்தொகை ஆகிய அனைத்தும் கைபேசித் திரையில் எழுத்தாக வந்து நிற்கின்றன. அந்த எழுத்து பயனுள்ளதாக அமைவதற்கும், படிக்கத் தொடங்கியவர் இறுதிவரை படிப்பதற்கும் என்ன செய்ய வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள். கேரள மாநிலத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகள் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன. இணைய எழுத்தின் குறைகளும் வாய்ப்புகளும் அங்கு மிகத் தெளிவாகத் தென்படுவதே இதற்குக் காரணம்.

நிலமும் மக்களும்

பாலக்காடு மாவட்டம் 1957ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலும், இடுக்கி மாவட்டம் 1972ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாளிலும் உருவாயின. ஆனால், இங்கு வாழும் தமிழ் மக்களின் வரலாறு இவ்வாண்டுகளுக்கு மிகவும் முற்பட்டது. பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்த சித்தூர்ப் பகுதியில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி முதலிய ஊர்களில் தமிழ் பேசும் உழவர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். திருவிதாங்கூரின் மலைப்பகுதியான தேவிகுளம், பீருமேடு ஆகிய வட்டங்களுக்குத் தேயிலைத் தோட்டங்கள் தோன்றிய 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளைச் சேர்ந்த தொழிலாளர் வந்து குடியேறினர். 1956ஆம் ஆண்டில் மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்திலேயே நின்றன.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர். மாநில மக்கள்தொகையில் இது சுமார் 1.5 சதவீதமே. ஆயினும் இவர்கள் மாநிலம் முழுவதும் பரவி வாழாமல் எல்லையோரத்தில் திரண்டு வாழ்வதால், சில ஊராட்சிகளில் தமிழே அன்றாட மொழியாக விளங்குகிறது. அட்டப்பாடியில் இருளரும், மூணாறு மலைகளில் முதுவரும் பேசும் மொழிகள் தமிழுக்கு நெருங்கியவை. தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக நாள்தோறும் ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வோரும் உண்டு.

மாநிலத்தின் எழுத்தறிவு விகிதம் 2011ஆம் ஆண்டில் 94 சதவீதமாக இருந்தது. 1991ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் கோழிக்கோட்டில் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாகக் கேரளம் அறிவிக்கப்பட்டது. ஆகவே, இப்பகுதிகளில் படிக்கத் தெரியாமை முதன்மைத் தடையன்று. படிப்பதற்கு ஏற்ற, நம்பத்தகுந்த எழுத்து கிடைக்காமையே தடையாகும்.

சட்டம் காட்டிய வழி

மொழிச் சிறுபான்மையினருக்குத் தகவல் அளிப்பது சலுகையன்று, அரசியலமைப்பின் நெறியாகும். குறைதீர்க்கும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்கலாம் என்று 350ஆம் பிரிவு கூறுகிறது. 1956ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு தாய்மொழியில் தொடக்கக் கல்வியையும், 350ஆ பிரிவு மொழிச் சிறுபான்மையினருக்கான தனி அலுவலரையும் பற்றியவை. 1969ஆம் ஆண்டின் கேரள அலுவல் மொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுடன் தம் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ளவும், அம்மொழியிலேயே பதில் பெறவும் வழிசெய்தது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. பொது அதிகார அமைப்புகள் கேட்காமலே தகவலை வெளியிட வேண்டும் என்பதோடு, அவ்வாறு வெளியிடும்போது வட்டார மொழியையும் மிகுந்த பயன் தரும் தொடர்பு முறையையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் அதன் 4ஆம் பிரிவு வலியுறுத்துகிறது.

சட்டத்தின் இச்சொற்கள் எழுதுவோர் மீது ஒரு பொறுப்பைச் சுமத்துகின்றன. தகவலை ஓர் இடத்தில் வைத்துவிடுவது வெளியிடுதல் ஆகாது. அது படிக்கப்பட்டு, புரிந்துகொள்ளப்பட்டு, செயலாக மாறும்போதே வெளியீடு நிறைவு பெறுகிறது.

இரு பக்கங்களுக்கு இடையே நிற்கும் வாசகர்

எல்லைப்புற வாசகருக்கு ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. தமிழில் பயிர்ப் பாதுகாப்பைப் பற்றிப் படிக்க விரும்பும் கொழிஞ்சாம்பாறை உழவருக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளமும், இந்திய மொழிகள் பலவற்றில் நடத்தப்பெறும் விகாஸ்பீடியாவும் கிடைக்கின்றன. தென்னைக்கு எவ்வளவு எரு இட வேண்டும் என்பதை அவற்றிலிருந்து அவர் அறிந்துகொள்ளலாம். ஆனால், மானியம் எங்கே கிடைக்கும் என்ற வினா எழுந்தவுடன் அந்தத் தமிழ்ப் பக்கம் தமிழ்நாட்டு அலுவலகத்தைச் சுட்டுகிறது. அவர் செல்ல வேண்டியதோ, 1987ஆம் ஆண்டு முதல் கேரள ஊராட்சிகளில் இயங்கிவரும் கிருஷி பவன். அதைப் பற்றிய விரிவான விளக்கம் பெரும்பாலும் மலையாளத்தில் உள்ளது.

சாதிச் சான்றிதழுக்கும் இது பொருந்தும். பட்டியல் சாதிகளின் பட்டியல் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி மாநிலவாரியாக அமைந்தது. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்குக் குடிபெயர்ந்த குடும்பம், அவ்வாணை வெளியான காலத்தில் எங்கு நிலையாக வசித்தது என்ற வினா எழுகிறது. தேயிலைத் தோட்டத்தில் மூன்றாம், நான்காம் தலைமுறையாக வாழும் குடும்பத்தின் மாணவருக்கு இவ்வினாவிற்கான விடை கல்வி உதவித்தொகையையும் கல்லூரி இடத்தையும் முடிவு செய்வதாகும். அம்மாணவர் இணையத்தில் தமிழில் தேடினால், தமிழ்நாட்டில் விண்ணப்பிக்கும் முறையைப் படிக்க நேரிடும். அப்பக்கத்தில் பிழை ஏதும் இல்லாதிருக்கலாம். ஆனால், அது அவருக்கு உரியதன்று.

ஆகவே, எல்லைப்புறத்தில் பயனுள்ள எழுத்து மூன்று பொருத்தங்களை உடையதாக இருத்தல் வேண்டும். மொழி வாசகருடையதாக இருக்க வேண்டும். அலுவலகம் அவர் செல்ல வேண்டியதாக இருக்க வேண்டும். நாள் நடப்பில் உள்ளதாக இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் வாசகர் பக்கத்தை மூடிவிடுவார். மூடாவிட்டால் தவறான அலுவலகத்தின் வாயிலில் ஒரு நாள் கூலியை இழந்து நிற்பார். இரண்டாவது விளைவு முதலாவதை விடக் கொடியது.

ஒரு சொல், இரு பொருள்

தமிழும் மலையாளமும் நெருங்கிய மொழிகள். இந்நெருக்கமே எழுதுவோருக்குப் பொறியாகவும் அமைகிறது. மலையாள ஆட்சிச் சொல்லைத் தமிழ் எழுத்தில் அப்படியே பெயர்த்து வைத்தால் பல இடங்களில் பொருள் திரிந்துவிடும்.

மலையாளத்தில் ‘பட்டயம்’ என்பது நிலத்தின் உரிமை ஆவணம். தமிழ்நாட்டுப் பாடநூல்களைப் படித்தவருக்கு அச்சொல் தொழிற்கல்விப் பட்டயத்தையே நினைவூட்டும். ‘போக்குவரவு’ என்பது நிலவுரிமை ஒருவர் பெயரிலிருந்து மற்றொருவர் பெயருக்கு மாறுவதைப் பதிவு செய்தல். தமிழர் அதைப் பேருந்தோடு தொடர்புபடுத்துவர். ‘கரம்’ அங்கு வரி, இங்கு கை. ‘அவகாசம்’ அங்கு உரிமை. இங்கு கால இடைவெளி. ‘துரிதம்’ அங்கு துயரம், இங்கு விரைவு. எனவே ‘துரிதாசுவாசம்’ என்னும் தொடர் துயர்துடைப்பைக் குறிக்கிறது என்பது புதிய வாசகருக்குத் தோன்றாது. மலையாளத்தில் ‘வெள்ளம்’ குடிநீரும் ஆகும். தமிழில் அது பெருக்கெடுத்து வரும் ஆபத்து.

நெடுங்காலம் அங்கு வாழ்ந்தோர் இருபொருளையும் அறிவர். தமிழ்வழிப் பள்ளியில் படிக்கும் இளைஞரும், அண்மையில் வேலைக்கு வந்தவரும் அறியார். இயந்திரமும் இங்குத் தடுமாறக்கூடும். 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பாஷிணி போன்ற மொழிபெயர்ப்பு அமைப்புகள் பெரும் வாய்ப்பை அளித்துள்ளன. எனினும், இயந்திரம் தந்த வரைவை இருமொழியும் அறிந்த ஒருவர் படித்துப் பார்க்காமல் வெளியிடுதல் தகாது. ஒரு நில ஆவணத்தைக் கல்விச் சான்றாக மாற்றிவிடும் ஒரே சொல், பக்கம் முழுவதிலும் உள்ள நம்பிக்கையைக் கெடுத்துவிடும்.

இதற்கு எளிய வழி உண்டு. அலுவலகத்தில் வழங்கும் சொல்லை நீக்கிவிடக் கூடாது. ஏனெனில் வாசகர் அங்குச் சென்று அச்சொல்லையே சொல்ல வேண்டியிருக்கும். ‘பட்டயம், அதாவது நிலவுரிமை ஆவணம்’ என்று முதலில் ஒருமுறை விளக்கிவிட்டு, பின்னர் ‘பட்டயம்’ என்றே எழுதலாம். இடுக்கி மலைகளில் 1960ஆம் ஆண்டின் கேரள அரசு நில ஒதுக்கீட்டுச் சட்டமும் 1964ஆம் ஆண்டின் விதிகளும் எத்தனையோ குடும்பங்களின் வாழ்வை நிர்ணயிக்கின்றன. அங்கு இச்சிறு விளக்கம் ஒரு குடும்பத்தின் நிலத்தைக் காக்கும் விளக்கமாகும்.

வாசகர் படிக்கும் முறை

திரையில் படிப்போர் நூலைப் படிப்பது போலப் படிப்பதில்லை. 1997ஆம் ஆண்டில் யாக்கோப் நீல்சன் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்டோரில் 79 சதவீதத்தினர் புதிய பக்கத்தைக் கண்ணால் துழாவிச் சென்றனர். 16 சதவீதத்தினரே சொல் சொல்லாகப் படித்தனர். தமக்கு வேண்டியது இருக்கிறதா என்று தேடும் கண்ணுக்கு முதலிலேயே விடை கிடைக்க வேண்டும். பிரிட்டன் அரசு 2012ஆம் ஆண்டில் தன் துறைகளின் இணையப் பக்கங்களை ஒரே தளத்தில் கொண்டுவந்தபோது, துறை சொல்ல விரும்புவது எது என்பதை விடுத்து, குடிமகனுக்குத் தேவையானது எது என்பதையே அளவுகோலாகக் கொண்டது. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டில் எளிய எழுத்துக்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நம் நாட்டில் அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009ஆம் ஆண்டில் வெளிவந்தன; அவற்றின் மூன்றாம் பதிப்பு 2023இல் வெளியாயிற்று.

இவற்றின் சாரத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அலுவலக வழக்கில் ஓர் அறிவிப்பு இவ்வாறு தொடங்கக்கூடும்: ‘மேற்காணும் பொருள் தொடர்பாக அரசால் அவ்வப்போது பிறப்பிக்கப்பட்ட ஆணைகளின் அடிப்படையில், தகுதியுடைய பயனாளிகளிடமிருந்து விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன.’ இதில் யார், எது, எங்கே, எப்போது என்ற நான்கு வினாக்களில் ஒன்றுக்கும் விடையில்லை. அதையே இவ்வாறு எழுதலாம்: ‘வீடு இல்லாத குடும்பங்கள் வீட்டு உதவிக்கு விண்ணப்பிக்கலாம். இம்மாதம் 30ஆம் நாளே கடைசி நாள். குடும்ப அட்டையையும் ஆதார் அட்டையையும் ஊராட்சி அலுவலகத்திற்கு எடுத்து வரவும். கட்டணம் இல்லை.’ இரண்டாவது வடிவில் ஆணையின் எண் இல்லை என்று அலுவலர் கவலையுற வேண்டியதில்லை. அதைப் பக்கத்தின் இறுதியில் தரலாம். வாசகருக்கு வேண்டியது முதலில். கோப்புக்கு வேண்டியது கடைசியில்.

வாசகரின் ஈடுபாடு என்பது அலங்காரத்தால் வருவதன்று. முதல் வாக்கியம் தமக்குரியது என்று அறிந்தால் அவர் இரண்டாவதைப் படிப்பார். இரண்டாவது ஓர் ஐயத்தைத் தீர்த்தால் மூன்றாவதற்கு வருவார். தலைப்பில் வாக்களித்ததைப் பக்கம் அளிக்காவிட்டால், மறுமுறை அவர் அத்தளத்தை நாடார்.

எழுத்துருவும் எடையும்

மலைப்பகுதியில் கைபேசி அலை சீராகக் கிடைப்பதில்லை. ஒரு வளைவில் கிடைப்பது அடுத்த வளைவில் மறையும். அத்தகைய இடத்தில் அறிவிப்பைத் தட்டச்சு செய்து, அச்சிட்டு, மீண்டும் படமெடுத்துத் தளத்தில் ஏற்றும் வழக்கம் மூன்று தீமைகளை விளைவிக்கிறது. படம் பல நூறு கிலோபைட் எடையுள்ளதாகி இறங்கத் தாமதிக்கிறது. படத்திலுள்ள சொற்களைத் தேடுபொறி எளிதில் காண்பதில்லை. பார்வையற்றோருக்கு எழுத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்கும் அப்படம் உதவுவதில்லை. அதே செய்தியை ஒருங்குறியில் எழுதினால் 300 சொற்கள் கொண்ட தமிழ்ப் பக்கம் சுமார் 10 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும்.

தமிழ் எழுத்துகள் 1991ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியில் இடம் பெற்றன. அதற்குப் பின்னரும் பல ஆண்டுகள் வெவ்வேறு எழுத்துருக் குறியேற்றங்கள் வழங்கியதால், ஒரு கணிப்பொறியில் எழுதியது மற்றொன்றில் குறிகளாகச் சிதறியது. 2010ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. இன்று எழுத்துரு ஒரு தடையாக இருக்க வேண்டிய காரணம் இல்லை. தடையாக எஞ்சியிருப்பது பழக்கமே.

எச்சரிக்கை என்னும் எழுத்து

பயனுள்ள எழுத்தின் உண்மையான சோதனை பேரிடர்க் காலத்தில் நிகழ்கிறது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த இராஜமலைப் பகுதியில் பெட்டிமுடி என்னுமிடத்தில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளரின் லயங்கள் மேல் விழுந்தது. 70 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயிருந்ததால், செய்தி மறுநாள் காலையில்தான் வெளியுலகை எட்டியது.

இந்நிகழ்ச்சி எழுதுவோருக்கு இரு பாடங்களைத் தருகிறது. தொடர்பு அறுந்த பின்னர் எந்தத் தளமும் பயன்படாது. ஆகவே செய்தி முன்கூட்டியே சென்று, மக்கள் நினைவில் தங்கியிருக்க வேண்டும். அடுத்து, எச்சரிக்கை என்பது தகவலாக மட்டும் நில்லாமல் செயலாக எழுதப்பட வேண்டும். வானிலைத் துறை 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்யும் மழையைக் கனமழை என்றும், 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை என்றும், அதற்கு மேல் அதிகனமழை என்றும் வகுத்துள்ளது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் இவற்றோடு தொடர்புடையவை. அலுவலருக்கு இவ்வெண்கள் தெளிவானவை. லயத்தில் வசிக்கும் தாய்க்கு ‘ஆரஞ்சு’ என்ற சொல் எதைச் செய்யச் சொல்கிறது என்பதே வினா.

ஆகவே எச்சரிக்கையின் வடிவம் இத்தகையதாக இருத்தல் நலம்: ‘இன்று இரவு மிகக் கனமழை பெய்யக்கூடும். சரிவுக்குக் கீழும் ஓடைக் கரையிலும் உள்ள லயங்களில் இருப்போர் மாலை 6 மணிக்குள் பள்ளிக்கூடத்திற்கு வந்துவிடவும். மருந்து, குடும்ப அட்டை, கைவிளக்கு ஆகியவற்றை எடுத்து வரவும். நிலத்தில் புதிய வெடிப்பு தோன்றினாலும், மரம் சாய்ந்தாலும், ஓடை நீர் திடீரெனக் கலங்கினாலும் அல்லது வற்றினாலும் காத்திருக்காமல் உடனே வெளியேறவும்.’ இது கைபேசியில் ஒரே பார்வையில் அடங்கும். ஒலிபெருக்கியிலும் அப்படியே படிக்கலாம். மஸ்டர் அலுவலகப் பலகையிலும் எழுதி வைக்கலாம். ஒரே எழுத்து மூன்று வழிகளில் பயணம் செய்கிறது.

மழைக்காலத்தில் மட்டும் இதை வெளியிட்டால் போதாது. கோடையிலேயே பாதுகாப்பான இடம், அதற்குச் செல்லும் பாதை, அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றை ஒவ்வொரு டிவிஷனுக்கும் தனித்தனியாக எழுதி வழங்க வேண்டும். பொதுவான அறிவுரையை மக்கள் மறப்பர். தம் லயத்தின் பெயர் வரும் செய்தியை மறவார்.

உழவர் நாள்தோறும் தேடுவது

பேரிடர்ச் செய்தியைக் கேட்க வேண்டிய வாசகர், நல்ல நாள்களிலும் அத்தளத்தோடு பழகியிருக்க வேண்டும். நாள்தோறும் பயன் தரும் பக்கத்தையே ஆபத்து நாளில் மக்கள் நம்புவர். அத்தகைய பயன்கள் எல்லைப்புறத்தில் பல உண்டு.

ஏலமலையின் விவசாயிக்கு நாளுக்கு நாள் வேண்டியது விலை. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலங்கள் இடுக்கியின் புற்றடியிலும் தமிழ்நாட்டின் போடிநாயக்கனூரிலும் நடைபெறுகின்றன. வந்த காயின் எடை, விற்ற எடை, உயர்ந்த விலை, சராசரி விலை ஆகிய நான்கு எண்கள் போதும். இவற்றுள் உயர்ந்த விலையை மட்டும் தலைப்பில் எழுதுவது ஈர்ப்புடையதாகத் தோன்றலாம். ஆனால், சிறு விவசாயி தம் காய்க்கும் அதையே எதிர்பார்த்து ஏமாறுவார். சராசரியை முதலில் எழுதுவதே நேர்மை. மயிலாடும்பாறையிலுள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரைகளும் அந்தந்தப் பருவத்தில் வெளிவந்தால் பயன்படும். காய் எடுப்பு முடிந்த பின் வரும் நோய்த்தடுப்பு அறிவுரை யாருக்கும் உதவாது.

சித்தூர் உழவருக்கு வேண்டியது நீர். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு முகப்பில் மழை குறைவு. 1970ஆம் ஆண்டில் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு உடன்பாட்டின்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்திற்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் அளிக்கப்பட வேண்டும். இவ்வெண்ணை அறிந்துகொள்வது மாணவருக்கு நன்று. உழவருக்கோ, தம் வாய்க்காலில் எந்த நாள் நீர் வரும், எத்தனை நாள் ஓடும் என்பதே செய்தி. நீர் வராத நாளில் ‘இன்று நீர் திறக்கப்படவில்லை’ என்று எழுதுவதும் பயனுள்ள எழுத்தே. நல்ல செய்தி உள்ள நாளில் மட்டும் பேசும் தளத்தை மக்கள் நம்புவதில்லை.

எழுத்துக்கும் மக்களுக்கும் இடையே

இணைய எழுத்தை எல்லாரும் நேரடியாகப் படிப்பதில்லை. 2002ஆம் ஆண்டில் மலப்புறத்தில் தொடங்கிய அக்ஷயா மையங்கள் இன்று சான்றிதழ் விண்ணப்பம் முதல் கட்டணம் செலுத்துவது வரை மக்களுக்காகச் செய்து தருகின்றன. 1998ஆம் ஆண்டில் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்களில் ஒரு பெண் கைபேசியில் வந்ததை உரக்கப் படிக்க, மற்றவர் கேட்கின்றனர். தேவிகுளம் வானொலி நிலையம் மலையாளத்தோடு தமிழிலும் ஒலிபரப்பி வந்துள்ளது. ஆகவே, எழுதுவோர் தம் வாக்கியத்தை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்தல் வேண்டும். மூச்சு முட்டும் வாக்கியம் கேட்போர் காதில் நில்லாது. 2010ஆம் ஆண்டில் தனி ஊராட்சியாக அமைந்த இடமலைக்குடியிலும், அட்டப்பாடியின் ஊர்களிலும், எழுத்தைவிடக் குரலே முந்திச் செல்லும். அங்கு ஒலிப்பதிவு எழுத்தின் மாற்று அன்று, அதன் நிறைவு.

எழுதும் பணியில் மாணவருக்கும் இடமுண்டு. 2018ஆம் ஆண்டு முதல் கேரளப் பள்ளிகளில் இயங்கும் ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களில் மாணவர் கணினிப் பயிற்சி பெறுகின்றனர். எல்லைப்புறத் தமிழ் மாணவர் இருமொழியும் அறிந்தவர். இரு மாநிலச் சொற்களின் வேறுபாட்டை வீட்டிலேயே கற்றவர். ஊராட்சி அறிவிப்பின் தமிழ் வரைவை அவர்கள் படித்து, புரியாத சொற்களைக் குறித்துத் தந்தால், பல பிழைகள் வெளியீட்டிற்கு முன்னரே நீங்கும். ஆயினும், பொறுப்பு அலுவலருடையதே. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியாகத் திருத்திய நாளையும், ஐயம் கேட்க வேண்டிய அலுவலகத்தின் தொலைபேசி எண்ணையும் தருதல் வேண்டும்.

வெற்றியின் அளவுகோல்

ஒரு பக்கத்தை எத்தனை பேர் திறந்தனர் என்பது எளிதில் கிடைக்கும் எண். அதை மட்டும் கொண்டு மகிழ்வது தவறு. விடை கிடைக்காமல் ஒருவர் ஒரே பக்கத்தைப் பத்து முறை திறந்தால் அந்த எண் உயரும். எத்தனை விண்ணப்பங்கள் பிழையின்றி வந்தன, ஆவணம் குறைவென்று எத்தனை பேர் திருப்பியனுப்பப்பட்டனர், அலுவலகத்தில் மீண்டும் மீண்டும் கேட்கப்படும் வினாக்கள் எவை என்பனவே உண்மையான அளவுகோல்கள். சாளரத்தில் அமர்ந்திருக்கும் எழுத்தர் அவ்வினாக்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால், அடுத்த மாதம் எழுத வேண்டிய பக்கங்களின் பட்டியல் தானே உருவாகிவிடும். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை.

மாநில எல்லை என்பது நிலப்படத்தில் ஒரு கோடு. போடிமெட்டு வழியாக வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கும், வேலந்தாவளம் சந்தைக்குக் காய்கறி கொண்டு செல்லும் உழவருக்கும் அக்கோடு நாள்தோறும் கடக்க வேண்டிய பாதை. ஆனால், சான்றிதழ், மானியம், எச்சரிக்கை ஆகியவை அக்கோட்டில் வந்து நின்றுவிடுகின்றன. அவற்றைச் சரியான மொழியில், சரியான அலுவலகத்தின் பெயரோடு, சரியான நாளில் எழுதித் தருவது எழுத்தாளர் புகழுக்காகச் செய்யும் பணியன்று. மாணவர் ஒருவரின் உதவித்தொகையும், குடும்பம் ஒன்றின் நிலமும், மழை இரவில் லயத்தில் உறங்கும் குழந்தைகளின் உயிரும் அதைச் சார்ந்துள்ளன. இதை உணர்ந்து எழுதும் அலுவலரின் பக்கத்தை வாசகர் தாமே தேடி வருவர்.